தட்டுவதும் அடிப்பதும்

அச்சகத்தில் அவரைச் சந்தி என்றுதான் கூப்பிடுவார்கள். வல்லினம் எங்கே மிகும், எங்கே மிகாது என்று அவர் போட்ட சண்டைகளுக்குக் கிடைத்த பட்டம் அது. இரண்டு சொற்கள் சந்திக்கும் இடத்தில் ஒரு ‘க்’ விட்டுப்போனால், தண்டவாளத்தில் ஒரு துண்டு காணாமல் போனதுபோலப் பதறுவார். மெஷின் ஓட்டுபவர் ஒருமுறை, “உங்களாலதான் சார் நம்ம பிரஸ் இன்னும் சந்தி சிரிக்காம இருக்கு” என்றார். கிண்டலா, பாராட்டா என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பாராட்டு என்றே வைத்துக்கொண்டார் சந்தி. மெய்ப்புத் திருத்துபவன் ஒழுங்காகச் செய்த வேலை யார் கண்ணிலும் படாது. கோட்டை விட்டதுதான் ஊருக்கே தெரியும். அப்படிப்பட்ட தொழிலில் இருப்பவன் கிடைத்த பாராட்டை உரசிப் பார்க்கக் கூடாது.

மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள், லிஃப்டில் ஒட்டும் எச்சரிக்கை, பள்ளிக்கூடச் சுற்றறிக்கை என்று எத்தனையோ அவர் கைக்கு வந்து போயின. படித்தார், திருத்தினார், மறந்தார். மறதிதான் அந்தத் தொழிலின் பாதித் திறமை என்று அவர் சொல்லிக்கொள்வதுண்டு. பொருளுக்குள் இறங்கிவிட்டால் எழுத்துப்பிழை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். ஆகவே சொல்லின் மேல்தோலிலேயே நடக்கப் பழகவேண்டும். இந்த உண்மையைக் கண்டுபிடித்ததில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. பொருளுக்குள் இறங்காமலே ஒரு மனிதன் முக்கால் ஆயுளைக் கழித்துவிட முடியும் என்பதும் அதே உண்மைதான். அந்தப் பக்கத்தை அவர் புரட்டிப் பார்த்ததில்லை.

கல்யாணம் தாமதம். குழந்தை அதைவிடத் தாமதம். ‘இனிமேல் எங்கே’ என்று இருவரும் வாய்விட்டுச் சொல்லாமலே ஒப்புக்கொண்டிருந்த காலத்தில் ஒரு பெண் குழந்தை வந்து பிறந்தது. செய்தி கேட்டு மற்ற அப்பாக்கள் போனை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓடிக்கொண்டிருந்தபோது சந்தி புத்தகக் கடைக்கு ஓடினார். குழந்தை வளர்ப்பு பற்றிக் கடையில் இருந்ததையெல்லாம் வாங்கினார். எல்லாவற்றையும் படித்தார், சிவப்புப் பேனாவோடு. ஒரு புத்தகத்தில் காய்ச்சலில் வரும் வலிப்பைப் பற்றிய பக்கம் முழுக்கச் சிவப்பாகிவிட்டது. மனைவி எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“வலிப்பு வந்தா என்னங்க செய்யணும்?”

“இதுல பாரு, ‘ஒருக்களித்து படுக்க’ன்னு போட்டிருக்கான். ‘ஒருக்களித்துப் படுக்க’ன்னு வரணும். ‘ப்’ மிகும்.”

“அது சரி. செய்ய வேண்டியது என்ன?”

“அதான் சொல்றேனே, ஒருக்களித்துப் படுக்க வைக்கணும். ‘ப்’போட.”

மனைவி ஒரு தையல் கம்பெனியில் அளவு சரிபார்க்கும் வேலையில் இருந்தாள். சட்டைக் கை ஒரு விரல்கடை நீண்டாலும் பிரித்துப் போடச் சொல்லும் ஆள். ஆனால் சட்டையை யாரோ மாட்டிக்கொள்ளப்போகிறார்கள் என்பது அவள் நினைவில் எப்போதும் இருக்கும். இருவருக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான் என்று சந்தி பின்னாளில் ஒப்புக்கொண்டார். அது சின்ன வித்தியாசம் இல்லை.

குழந்தைக்குக் கீழ்வரிசையில் இரண்டு பல் எட்டிப் பார்த்த சமயத்தில்தான் அந்த முதலுதவி அட்டை அச்சகத்துக்கு வந்தது. குழந்தைகள் நல மையத்தின் டாக்டரம்மா தானே எழுதி எடுத்து வந்திருந்தார். ஊரில் இருக்கும் எல்லா மையங்களிலும் காத்திருக்கும் அறையின் சுவரில் மாட்டுவதற்கு, கைக்குழந்தை வைத்திருக்கும் பெற்றோருக்காக ஒரு பெரிய அட்டை. சூடு பட்டால் குழாயைத் திறந்து ஓடுகிற தண்ணீரில் காட்டு, பற்பசை தடவாதே. பொத்தான் பேட்டரியை விழுங்கினால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காதே, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு. இப்படி நேரடியான வாக்கியங்கள். அதிகம் பேசிப் பழக்கமில்லாதவர் எழுதிய எழுத்து. சந்திக்குப் பிடித்திருந்தது, அதனாலேயே நிறையத் திருத்தினார்.

தொண்டையில் அடைத்துக்கொண்டால் என்ற பகுதியில்தான் நின்றுவிட்டார். டாக்டரம்மாவை வரவழைத்து எதிரே உட்காரவைத்தார்.

“‘உள்ளங்கையின் அடிப்பகுதியால் முதுகில் ஐந்து அடி அடிக்கவும்’னு எழுதியிருக்கீங்க டாக்டர்.”

“ஆமா. புரியலையா?”

“புரியுது. கேக்கத்தான் சகிக்கல. ஒரே வரியில மூணு அடி.”

“மூணு இல்ல சார், அஞ்சு அடி.”

“அதில்லைங்க. அடின்னு மூணு தடவை வருது. அப்புறம் ‘ஐந்து அடி’ன்னா உயரமோன்னு நினைப்பாங்க.”

“எட்டு மாசக் குழந்தை அஞ்சடி உயரமா இருக்கும்னு நினைக்கிறவங்களுக்கு நான் தனியா ஒரு அட்டை எழுதித் தரேன்.”

மெஷின் பக்கம் யாரோ சிரித்தார்கள். சந்திக்குச் சுருக்கென்றது. சுருக்கென்றால் அவர் தத்துவத்துக்குள் ஏறிக்கொள்வார்.

“பாருங்க டாக்டர். பெத்தவங்க படிக்கப் போற அட்டை. பச்சைப் பிள்ளைய அடின்னு சுவத்துல எழுதி ஒட்டலாமா? ஒரு சொல்லு வெறும் சொல்லு இல்ல. அதுக்குள்ள ஒரு மனசு இருக்கு. அடிங்கறதுல கோபம் இருக்கு. தட்டுங்கறதுல அக்கறை இருக்கு. கதவைத் தட்டறோம், தோளைத் தட்டறோம். கொசுவைக்கூடத் தட்டித்தானே சாகடிக்கறோம்? பலமும் அதுக்குள்ள அடங்கியிருக்கு.”

டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். மையத்தில் குழந்தைகள் வரிசையாகக் காத்திருந்தன. சொல்லுக்குள் இருக்கும் மனசைப் பற்றி வாதாட அவருக்கு நேரம் இல்லை.

“சரி, ‘அழுத்தமாகத் தட்டவும்’னு போடுங்க. அந்த ‘அழுத்தமாக’ முக்கியம். விட்றாதீங்க.” கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

சந்தி ஜெயித்துவிட்டார். வாழ்க்கையில் அவர் ஜெயித்த வாதங்கள் குறைவு. இதை ரசித்து அனுபவித்தார். சாயங்காலம் கடைசி மெய்ப்பு வந்தபோது பார்த்தால், அந்த வாக்கியம் வரியைத் தாண்டி வழிந்து ‘தட்டவும்’ மட்டும் அடுத்த வரியில் ஒற்றையாக நின்றது. பத்தி முடிவில் ஒரே ஒரு சொல் தனியாகத் தொங்குவதைப்போல அவர் கண்ணை உறுத்துவது வேறெதுவும் இல்லை. ‘அடிப்பகுதி’யை எடுத்துப் பார்த்தார். போதவில்லை. ‘அழுத்தமாக’வை எடுத்தார். வரி கச்சிதமாக உட்கார்ந்தது. உள்ளங்கையால் முதுகில் ஐந்து முறை தட்டவும். அழகான வாக்கியம். யாருடைய மூச்சும் அதனால் திரும்பாது என்பதைத் தவிர அதில் ஒரு குறையும் இல்லை.

கழித்துப் போட்ட முதல் மெய்ப்பை வழக்கம்போல வீட்டுக்கு எடுத்துப் போனார். சமையலறை அலமாரிக்கு விரிக்க மனைவிக்குப் பெரிய தாள் எப்போதும் தேவைப்படும்.

அட்டைகள் அச்சாகிக் கட்டுக்கட்டாக அடுக்கப்பட்ட வாரத்தில், மனைவிக்கு விடுமுறையான ஒரு நாள் காலை. அவள் குளிக்கப் போயிருந்தாள். சந்தி நல்ல மனநிலையில் இருந்தார். அது எப்போதுமே ஆபத்து. ஆப்பிளை நறுக்கிக்கொண்டிருந்தவர் குழந்தையைப் பார்த்தார். குழந்தை ஆப்பிளைப் பார்த்தது. இரண்டு பல் இருக்கிறது, கடிக்கத்தானே பல் என்று ஒரு சீவலைக் கையில் கொடுத்தார். குழந்தை ‘கறுக்’ என்று கடித்தபோது அவருக்கு மெய் சிலிர்த்தது. “பலே! கடிச்சிட்டியா! எங்க வீட்டுச் சிங்கம்!” என்றார். இந்தப் புகழ்ச்சி அவருக்குப் பிறகு பல நாள் காதில் ஒலித்தது.

சிங்கம் சத்தம் போடவில்லை. அதுதான் முதலில் அவருக்கு விளங்காதது. அடைத்துக்கொண்டால் இருமும், கத்தும், வீடே அமர்க்களப்படும் என்று அவர் நினைத்திருந்தார். இருமினால் இருமவிடு, பயப்படாதே. சத்தமே வராவிட்டால்தான் பயப்படு என்று அட்டையில் இருந்தது. அதை அவர் மூன்று முறை திருத்தியிருக்கிறார். வாய் திறந்திருந்தது. கண்கள் அகலமாக அவரையே பார்த்தன. மார்பு உள்ளே இழுத்தது. ஒன்றும் நடக்கவில்லை. உதட்டைச் சுற்றி நிறம் மாறிக்கொண்டிருந்தது.

ஒரு நியாயம் சொல்ல வேண்டும்: சந்தி உறைந்துபோகவில்லை. அட்டையின் வாக்கியங்கள் வரிசையாக நினைவுக்கு வந்தன, நிறுத்தற்குறிகளோடு. வாய்க்குள் கண்மூடித்தனமாக விரலை விடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். குழந்தையைத் தன் முன்கையின் மேல் குப்புறக் கிடத்தினார். தாடையை விரல்களால் தாங்கினார், கழுத்தை அழுத்தாமல். கையைத் தொடையில் ஊன்றினார். தலை உடம்பைவிடத் தாழ இருந்தது. இதுவரை ஒரு பிழை இல்லை. அதன்பின் இன்னொரு கையால் முதுகில் தட்டினார்.

தட்டினார் என்றால் தட்டினார். ராத்திரி தூங்கவைக்கத் தட்டுவாரே, அந்த அளவு, அந்தத் தாளம். விரல்கள் லேசாகக் குவிந்து, தட், தட், தட். கைக்குத் தெரிந்த தட்டு அது ஒன்றுதான். எட்டு மாதமாக அந்தக் கை வேறெதையும் பழகவில்லை. ஐந்து முறை தட்டிவிட்டு, ஐந்து முடிந்துவிட்டதே என்று விழித்தார். நெஞ்சில் அமுக்கச் சொல்லும் அடுத்த வரி மட்டும் நினைவுக்கு வரவில்லை. மறுபடி தட்டினார்.

மனைவி ஈரத் தலையோடு வெளியே வந்தாள். ஒரு பார்வையில் எல்லாம் புரிந்துவிட்டது, அவர் செய்வதைத் தவிர.

“என்ன பண்றீங்க?”

“தட்றேன்.”

“தட்டாதீங்க! அடிங்க! அடின்னுதானே போட்டிருக்கு!”

அந்த நேரத்தில், அந்த நொடியில், சந்தியின் வாயிலிருந்து வந்த கேள்வி இது: “எங்க போட்டிருக்கு?”

இதை அவர் பிறகு யாரிடமும் மறைக்கவில்லை. குழந்தைக்கு மூச்சு வரவில்லை, இவர் ஆதாரம் கேட்டார். வாழ்நாள் பழக்கம் மனிதனை எந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

“ஐயோ, அடிங்கன்னா!” என்று அவள் அவருடைய தோளில் ஒன்று வைத்தாள். சொல் செய்யாத வேலையை அந்த அடி செய்தது. அவர் கை விரிந்து பின்னால் போனது. உள்ளங்கையின் அடிப்பகுதி குழந்தையின் தோள்பட்டைகளுக்கு நடுவே இறங்கியது. சத்தம் கேட்டது. மறுபடி. மறுபடி. எத்தனையாவது என்று தெரியாது. எண்ணத் தெரிந்த மனிதர் அப்போது அங்கே இல்லை. ஒரு வெள்ளைத் துண்டு தரையில் விழுந்தது. கூடவே அழுகை விழுந்தது. தெருமுனை வரை கேட்டிருக்கும். அதைவிடச் செம்மையான வாசகத்தைச் சந்தி தன் தொழிலில் படித்ததில்லை.

மனைவி குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். சந்தி தரையிலேயே உட்கார்ந்தார். அவள் குழந்தையை அணைத்தபடியே சமையலறைக்குள் போய், அலமாரியில் இருந்த டப்பாக்களை ஒரு கையால் ஓரமாகத் தள்ளினாள்.

“வந்து பாருங்க, எங்க போட்டிருக்குன்னு. தினம் டப்பா எடுக்கறப்போ ஒரு வரி படிப்பேன்.”

எழுந்து போய்ப் பார்த்தார். முதல் மெய்ப்பு. ‘அடிப்பகுதியால்’ ‘ஐந்து அடி’ ‘அடிக்கவும்’. மூன்றையும் சுற்றி அவருடைய சிவப்பு வட்டங்கள். ஓரத்தில் அவர் கையெழுத்தில் ‘தட்டவும்’.

“நான் திருத்தினது இருக்கே, அதைப் படிக்கலையா?”

“உங்க கிறுக்கல் யாருக்குப் புரியும்? அச்சடிச்சதைத்தான் படிச்சேன். நல்லவேளை.”

குழந்தை தெளிந்து, கோபித்துக்கொண்டு, அப்பாவிடம் வரமாட்டேன் என்றது. இருவரும் மையத்துக்குக் கிளம்பினார்கள். இப்படி அடைத்துக்கொண்டு வெளியே வந்தாலும் டாக்டரிடம் ஒருமுறை காட்டு என்பது அட்டையின் கடைசி வரி. அதில் சந்தி கை வைக்கவில்லை. வரி சரியாக உட்கார்ந்திருந்தது.

டாக்டரம்மா வாயைப் பார்த்தார், மார்பில் காதுக்குழாய் வைத்துக் கேட்டார், முதுகைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்றார். பிறகு ஆப்பிளைப் பற்றிக் கேட்டார்.

“பல்லு வந்திருச்சேன்னு கொடுத்தேன் டாக்டர்.”

“வந்தது கடிக்கிற பல்லு சார். அரைக்கிற பல்லு வர நாளாகும். கடிச்சு உள்ள தள்ளத்தான் இப்ப முடியும். ஆப்பிளை வேகவச்சு மசிச்சுக் கொடுங்க. சரி, வெளிய எப்படி வந்தது? தட்டினீங்களா?”

நல்ல சந்தர்ப்பம். ‘ஆமாம்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். மனைவி பக்கத்தில் இல்லாதிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பார். தன் நேர்மையில் அவருக்கே அதிக நம்பிக்கை இல்லை.

“தட்டினேன். வரல. அப்புறம் இவ அடிக்கச் சொன்னா. அடிச்சேன், வந்தது.”

டாக்டரம்மாவின் புருவம் ஏறியது. “அதுக்குத்தான் ‘அழுத்தமாக’ன்னு போட்டோம்.”

“அது... அட்டையில இல்ல டாக்டர்.”

“ஏன் இல்ல?”

“இடம் பத்தல.”

“எங்க?”

“வரியில.”

மனைவி தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தாள். டாக்டரம்மா கோபப்பட்டிருந்தால் சந்திக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் மெதுவாகத்தான் பேசினார்.

“சார், உங்க வீட்ல அடின்னு கத்த ஒரு ஆள் இருந்தாங்க. இந்த அட்டையைப் படிச்சிட்டு வீட்டுக்குப் போறவங்க எல்லார் வீட்லயும் இருப்பாங்களா? எப்ப அனுப்புறீங்க?”

“நாளைக்குக் காலையில வண்டி வருது. எல்லா மையத்துக்கும் போகுது.”

“போகக் கூடாது.”

“போகாது” என்றார் சந்தி. சொன்ன பிறகுதான் முதலாளியின் முகம் நினைவுக்கு வந்தது.

முதலாளி பழைய ஆள். அச்சகத்தில் ஒரு பிழைதிருத்தத் துண்டுகூட ஒட்டப்பட்டதில்லை என்பது அவருடைய பெருமை. அந்தப் பெருமையில் பாதி சந்தி சம்பாதித்துக் கொடுத்தது. சந்தி நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். ஆப்பிளை மட்டும் சுருக்கினார்.

“குழந்தை நல்லா இருக்கில்ல?” என்றார் முதலாளி.

“நல்லா இருக்கு.”

“அப்புறம் என்னய்யா? டாக்டரம்மா கையெழுத்துப் போட்டுத்தானே கொடுத்தாங்க? தப்புன்னா அவங்க தலையில.”

“அவங்க கையெழுத்துப் போட்டது ‘அழுத்தமாகத் தட்டவும்’கிறதுக்கு. ‘அழுத்தமாக’வை நான் எடுத்தேன்.”

“எதுக்கு எடுத்த?”

“வரி அழகா இல்ல.”

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கும்போது அவர் மனத்துக்குள் திட்டுகிறார் என்று அர்த்தம்.

“ஒரு சொல்லுக்காகவாய்யா கட்டின கட்டை எல்லாம் பிரிக்கச் சொல்ற?”

ஒரு சொல்லுக்காக, ஒரு எழுத்துக்காக, இந்த மனிதரிடம் சந்தி எத்தனையோ தடவை மல்லுக்கு நின்றிருக்கிறார். அப்போதெல்லாம் குரல் ஓங்கி ஒலிக்கும், விதி எண் சொல்வார், மேற்கோள் காட்டுவார். இன்றைக்கு ஒரு விதியும் கைக்கு வரவில்லை. அத்தனை சண்டையிலும் அவர் காப்பாற்றியது மொழியைத்தானா, தன் மூக்கைத்தானா என்று இப்போது சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகம் வந்தவன் குரலை உயர்த்த முடியாது.

“எட்டு மாசமா தட்டித் தூங்கவச்ச கைங்க இது” என்றார். “தட்டுன்னு படிச்சா இந்தக் கை தாலாட்டத்தான் போகும். என்னோடது போச்சு. நானே எழுதின சொல்லு, நானே ஏமாந்தேன். மத்தவங்க எப்படித் தப்பிப்பாங்க? அட்டை போகட்டும்னா போகட்டும் முதலாளி. ஆனா எங்கயாவது ஒரு அப்பன் என்னை மாதிரி உக்காந்து தட்டிட்டிருப்பான். அவன் வீட்ல சமையலறைத் தாள்ல வேற வார்த்தை இருக்காது.”

முதலாளி கண்ணாடியை மாட்டினார். சந்தியை மேலும் கீழும் பார்த்தார்.

“துண்டு அடிச்சு ஒட்டு. இந்த பிரஸ்ல முதல் தடவை. உன் கையாலதான்னு எழுதி வச்சிருக்கு போல. நின்னுட்டு இருக்காத, போ.”

மெஷின்காரர் எழுத்துக் கோத்துத் திரையில் காட்டினார். சந்தி குனிந்து பார்த்தார்.

“உள்ளங்கையின் அடிப்பகுதியால் முதுகில் ஐந்து அடி அழுத்தமாக அடிக்கவும்” என்று மெஷின்காரர் சத்தமாகப் படித்தார். “சார், மூணு அடி வருதே?”

“வரட்டும்.”

“‘அடிக்கவும்’ மட்டும் ஒத்தையா அடுத்த வரிக்கு வருது. உங்களுக்கு ஆகாதே?”

“நிக்கட்டும். நல்லாக் கண்ணுல படும்.”

“உடம்புக்கு ஒண்ணும் இல்லையே சார்?” என்று மெஷின்காரர் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

கட்டுகளைப் பிரித்து ஒட்டத் தொடங்கினார்கள். சந்தி, மெஷின்காரர், முணுமுணுத்துக்கொண்டே முதலாளி. மதியத்துக்குமேல் மனைவியும் குழந்தையோடு வந்துவிட்டாள். அவள் ஒட்டிய துண்டுகள்தான் ஒரு நூல் கோணாமல் உட்கார்ந்தன. சந்தி ஒட்டியவை லேசாகச் சரிந்தன. “ஏங்க, அளவு பார்த்து ஒட்டுங்க” என்றாள். “பொருள் சரியா இருக்கில்ல” என்றார் அவர். அவர் வாயிலிருந்து அந்த வாக்கியம் வந்ததைக் கேட்டு முதலாளி ஒட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். மறுநாள் காலை வண்டி வந்தபோது கட்டுகள் தயாராக இருந்தன. பசை மட்டும் இன்னும் காயவில்லை.

சில வாரம் கழித்துக் குழந்தைக்குத் தடுப்பூசி. மையத்தின் காத்திருக்கும் அறையில் அட்டை மாட்டியிருந்தது. அதன் கீழே நாற்காலிகளில் பெற்றோர்கள். மனைவி குழந்தையை உள்ளே கொண்டுபோயிருந்தாள். சந்தி ஓரமாக நின்று, அட்டையைப் பார்க்காதவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தாடிக்கார இளைஞர், துணியில் சுற்றிய சின்னஞ்சிறு குழந்தையைத் தன் மனைவியிடம் கொடுத்துவிட்டு எழுந்து அட்டைக்குப் பக்கத்தில் போனார். படித்தார். முகம் சுளித்தது.

“என்னங்க இது, குழந்தையை அடிக்கச் சொல்லிப் போட்டிருக்கு?” என்றார் பொதுவாக. “அதுவும் மேல துண்டு ஒட்டி! முதல்ல வேற நல்லதா ஏதோ இருந்திருக்கும், அதை மறைச்சிருக்காங்க. தட்டவும்னு போட்டா குறைஞ்சா போயிருவாங்க? எழுதினவனுக்குப் பிள்ளைகுட்டி இருக்காது.”

சந்திக்குத் தன்னையே கண்ணாடியில் பார்த்ததுபோல இருந்தது. தாடி மட்டும் கூடுதல். விளக்கம் சொல்ல வாய் திறந்தார். சொல்லுக்குள் ஒரு மனசு இருக்கிறது, ஆனால் கைக்குள் இன்னொரு பழக்கம் இருக்கிறது என்று நல்ல ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. நல்ல வாக்கியம் என்பதாலேயே அதை விழுங்கினார்.

“தம்பி, இங்க வாங்க. என் முதுகைக் கொஞ்சம் தட்டுங்க.”

“எதுக்கு சார்?”

“தட்டுங்களேன்.”

சந்தி திரும்பி நின்றார். இளைஞர் தயங்கித் தயங்கி, துக்கம் விசாரிப்பவர்போல இரண்டு தட்டுத் தட்டினார்.

“இதான் தட்டறது. இன்னும் ரெண்டு போட்டா நான் தூங்கிருவேன். தொண்டையில இருக்கிறது அங்கேயேதான் இருக்கும். இப்ப அந்த அட்டையில போட்டிருக்கிற மாதிரி அடிங்க. உள்ளங்கை அடிப்பகுதியால, ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல.”

“ஐயோ, வயசுல பெரியவரு நீங்க. எப்படி சார்?”

“அந்த அட்டையில வேலை பார்த்தவன் நான்தான். என்னை அடிக்கணும்னு ரொம்பப் பேர் ஆசைப்படறாங்க. உங்களுக்கு வாய்ச்சிருக்கு.”

அறையில் சிரிப்பு எழுந்தது. இளைஞர் தன் மனைவியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். இளைஞர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஒன்று வைத்தார். சந்தியின் மூச்சு வெளியே போனது. கண்ணாடி மூக்கிலிருந்து சறுக்கியது.

“இதான்!” என்றார் சந்தி, இருமலுக்கு நடுவே. “குழந்தைக்கு இவ்வளவு பலம் வேணாம், அதோட உடம்புக்குத் தக்கபடி. ஆனா கை இப்படித்தான் வரணும். குப்புறப் போட்டு, தலை தாழ. அஞ்சு அடிச்சும் வரலேன்னா மல்லாக்கத் திருப்பி, நெஞ்சு நடுவுல ரெண்டு விரலால அஞ்சு அமுக்கு. மறுபடி முதுகு. கூட இருக்கிறவங்க ஆம்புலன்ஸைக் கூப்பிடணும். நல்லா இருமுற குழந்தையை அடிச்சிராதீங்க.”

இளைஞர் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், யாரோ புதிதாக மாட்டிவிட்டதுபோல.

“சார்,” என்றாள் அவருடைய மனைவி, மடியில் இருந்த குழந்தையைக் கணவரிடம் நீட்டியபடி, “பகல்ல வீட்ல தனியா இருக்கிறது நான்தான். நானும் ஒரு தடவை அடிச்சுப் பார்க்கட்டுமா?”

அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். சந்தி கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சுவரில் இரண்டு கையையும் ஊன்றி முதுகைக் காட்டினார்.